குண்டக்கா மூன்றாவதாக வந்த விதம்

எங்கள் பார்சல் ஆபீஸுக்குப் புதிதாக மாற்றலாகி வருகிறவர்கள் முதல் நாளே ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொள்வார்கள். "பெரிய மூட்டையெல்லாம் குண்டக்கா டேபிளுக்கு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். புதியவர் பருத்த ஒரு பெண்மணியைத் தேடிக்கொண்டு அறை முழுவதும் சுற்றுவார். கடைசியில் உயரமான, ஒல்லியான, தோள் மட்டும் அகன்ற ஒருவரிடம் போய், "இங்க குண்டா ஒரு அக்கா இருப்பாங்களாமே?" என்று கேட்பார். "நான்தான்" என்பார் அக்கா. அன்று மதியம் அந்தப் புதியவருக்குச் சாப்பாடு இறங்காது.

பெயர் உடம்பைப் பார்த்து வந்ததில்லை. அவர் எறிந்த நாலு கிலோ இரும்புக் குண்டைப் பார்த்து வந்தது. பதினாறு வருடமாக நான் அவருக்கு எதிர் மேசை. இங்கே சொல்வதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி அவர் மூட்டை கட்டிக்கொண்டே சொன்னது.

பல நாடுகள் கூடி ஆடும் அந்தப் பெரிய விளையாட்டுப் போட்டிக்கு எங்கள் நாடு அக்கா போவதற்குமுன் ஒன்பது தடவை ஆள் அனுப்பியிருந்தது. பதக்கம் என்று ஒன்றும் வந்ததில்லை. விளையாட்டுச் சங்கத்தின் நடைவழியில் 'நம் சாதனைகள்' என்று தலைப்பிட்ட ஒரு பலகை உண்டு. சங்கத்துக்குப் பார்சல் கொடுக்கப் போனபோது நான் படித்திருக்கிறேன். முதல் வரி: 'அணிவகுப்பில் கொடி ஏந்திச் சென்றோம்.' அந்த வருடம் கொடி பிடித்தவரைத் தவிர வேறு யாரும் போகவில்லை. அடுத்து: 'நடைப்போட்டி – முடித்தார்.' அதற்கடுத்து: 'குத்துச்சண்டை – காயமின்றித் திரும்பினார்.' சைக்கிள் ஓட்டப்போனவருக்கு நேராக, 'பாதை தவறியது. அம்புக்குறி சரியில்லை' என்று எழுதியிருந்தது. அந்த வரியைச் சங்கச் செயலாளரே முன்னால் நின்று எழுதவைத்தாராம்.

அந்தச் செயலாளர்தான் ஒருநாள் எங்கள் கவுன்ட்டருக்கு ஏதோ அனுப்ப வந்தார். வரிசையில் நின்றவர் வரிசையை மறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே குண்டக்கா, அப்போது அவருக்கு அந்தப் பெயர் இல்லை, ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றி அறையின் அந்தக் கோடியில் இருந்த சாக்குக்குள் போட்டார். அது நேராகப் போய் விழுந்தது.

"அம்மா, அதை எவ்வளவு தூரம் எறிஞ்சீங்க?" என்றார் செயலாளர்.

"எறியல சார். வச்சேன்."

"நான் பார்த்தேனே."

"பார்சலை எறியக்கூடாதுன்னு சுவத்துல எழுதியிருக்கு பாருங்க. நான் வச்சேன். கொஞ்சம் தள்ளி வச்சேன்."

"நான் புகார் குடுக்க வரலம்மா. நாட்டுக்காக எறிவீங்களான்னு கேக்கறேன்."

அந்த முறை ஒவ்வொரு நாடும் ஒரு பெண்ணையாவது அனுப்பியாக வேண்டும் என்று போட்டியை நடத்துகிறவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் செயலாளரிடம் பெண் யாரும் இல்லை. இன்னும் பத்து மாதம்தான் இருந்தது. அக்கா மேலாளரைப் பார்த்தார். மேலாளர், "சம்பளத்தோட லீவு குடுக்கலாம்" என்றார். நாட்டுப்பற்று அப்படித்தான் ஆரம்பித்தது.

பயிற்சி எங்கள் ஆபீஸின் பின்கட்டில் நடந்தது. லாரிகள் மூட்டை இறக்கும் சிமெண்டுத் தரை; தினம் காலையில் கழுவிவிடுவார்கள். ஈரம் காய்வதற்குள் அக்கா சாக்கட்டியால் வட்டம் போட்டு எறியத் தொடங்கிவிடுவார். பயிற்சியாளரும் செயலாளர்தான். அவருக்குக் குண்டு எறிதலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு புத்தகம் வைத்திருந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "முழங்காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி" என்று பாடம் படிப்பது போலப் படிப்பார். அக்கா திருப்புவார். புத்தகத்தில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததால் நடுவில் ஒரு கட்டத்தை அக்கா கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை. அந்த ஈரத்தில் முதல் மாதம் எட்டுத் தடவை விழுந்தார். பிறகு விழவில்லை.

கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் நடந்ததை அக்கா சொல்லும்போது முகத்தில் சிரிப்பே இருக்காது.

"பையில என்னம்மா இவ்வளவு கனம்?" என்று அதிகாரி கேட்டார்.

"குண்டு சார்" என்றார் அக்கா.

அதிகாரி இரண்டடி பின்னால் போனார். பக்கத்திலிருந்த செயலாளர் நிலைமையைச் சரிசெய்ய முன்வந்து, "பயப்படாதீங்க சார், அவங்க தொழிலே அதான். போற இடத்துல எல்லார் முன்னாடியும் எறிவாங்க" என்றார். அதன்பிறகு மூன்று அதிகாரிகளும் ஒரு நாயும் வந்தார்கள். நாய் பையை மோந்துவிட்டு அதன்மேல் தலைவைத்துப் படுத்துக்கொண்டது. ஒருவழியாகக் குண்டு வெளியே எடுக்கப்பட்டது. தலைமை அதிகாரி அதை ஒரு கையால் தூக்கப் பார்த்து, முடியாமல், இரண்டு கையால் தூக்கி, "இதை எதுக்கும்மா ஒருத்தர் எறியணும்?" என்றார். விமானம் இவர்களுக்காக முக்கால் மணி நேரம் நின்றது.

போட்டி நாளில் மழை. எறியும் வட்டம் சோப்புத் தண்ணீர் ஊற்றியது போல வழுக்கியது. உலகப் பெயர்பெற்ற பெண்கள் மூன்று தடவையும் கோட்டைத் தாண்டி விழுந்து வெளியேறினார்கள். எங்கள் அக்காவுக்கோ அது வழக்கமான காலை வேளை. ஆனால் குண்டு நனைந்து கையில் நிற்கவில்லை. அவர் கொண்டுபோன துண்டைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். அப்போது சிவப்புத் தொப்பி போட்ட வேறு நாட்டுப் பெண் ஒருத்தி, தன் மேல்சட்டைக்குள் பத்திரமாக வைத்திருந்த காய்ந்த துண்டை எடுத்து அக்கா கையில் திணித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினாலும் புரிந்திருக்காது. அக்கா குண்டைத் துடைத்தார், எறிந்தார். பதினைந்து மீட்டர் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். ஏழாம் இடம். சிவப்புத் தொப்பிக்காரி மூன்றாவதாக வந்து வெண்கலம் வாங்கிக்கொண்டு போனாள். துண்டைத் திருப்பிக் கொடுக்க அக்கா தேடியபோது ஆளைக் காணவில்லை.

எங்கள் நாட்டு வரலாற்றில் ஏழாம் இடம் என்பது கேட்டறியாதது. ஓவியர் வந்து பலகையில் எழுதினார். 'குண்டு எறிதல் – 7.' பலகையில் எண் வந்தது அதுதான் முதல் தடவை. பத்திரிகையில் 'நம் பெண் வீசிய குண்டு' என்று போட்டார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் தண்ணீர் மீட்டர் பார்க்கும் ஒருவர் பெண் கேட்டு வந்தார். முதல் சந்திப்பில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"சரியா எத்தனை மீட்டர்?"

"பதினஞ்சு, அறுபத்திரண்டு."

"அறுபத்திரண்டா, அறுபத்திரண்டரையா?"

தொழில் புத்தி. அக்காவுக்கு அது பிடித்துப்போனது. கல்யாணம் நடந்தது, ஒரு மகள் பிறந்தாள், குண்டு கட்டிலடியில் போனது. அக்கா மறுபடியும் மூட்டையைக் கொஞ்சம் தள்ளி வைக்கும் வேலைக்குத் திரும்பினார்.

எட்டு வருடம் கழித்து, போட்டியை நடத்தியவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. செயலாளர் அதை எங்கள் மேசைக்கே கொண்டுவந்து மூச்சுவாங்கப் படித்தார். அன்று எடுத்த சிறுநீரை அவர்கள் இத்தனை வருடம் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்களாம். புது முறையில் சோதித்தால் நாலாவது வந்தவரும் ஆறாவது வந்தவரும் ஊக்கமருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பேரையும் நீக்கிவிட்டார்கள். அக்கா இப்போது ஐந்தாம் இடம்.

"எட்டு வருஷமா குளிர்பெட்டியிலயா?" என்றார் அக்கா. "வேற எதையும் அதுல வைக்க மாட்டாங்களா?"

மறுவருடம் இன்னொரு கடிதம். ஐந்தாவது வந்திருந்தவரும் மாட்டிக்கொண்டார். அக்கா நாலாம் இடம். ஓவியர் ஏழு என்ற எண்ணை அழித்து ஐந்து எழுதி, ஐந்தை அழித்து நாலு எழுதினார். அந்த இடத்தில் மட்டும் பலகை புடைத்துக்கொண்டு நின்றது. எங்கள் மேலாளருக்குப் பொறாமை தாங்கவில்லை. அவர் பதினொரு வருடமாக அதே பதவியில் இருந்தார். "உக்காந்த இடத்துலயே ரெண்டு ப்ரமோஷன். எப்படிம்மா, எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு" என்றார்.

"எனக்கு மேல இருந்தவங்க தப்புப் பண்ணாங்க சார்" என்றார் அக்கா. மேலாளர் மண்டல அலுவலகத்தில் இருப்பவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

ஏழாவதாக இருந்தவரை அக்காவுக்கு நிம்மதி இருந்தது. நாலாவது என்றதும் ஊரே சேர்ந்து அவருக்காகக் கவலைப்பட ஆரம்பித்தது. இன்னும் ஒரே ஒரு ஆள் விழுந்தால் நாட்டுக்கு முதல் பதக்கம். டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டிக்கொண்டே விசாரிப்பார்.

"அந்த மூணாவது வந்த பொண்ணு எப்படிக்கா? பார்த்தா மருந்து சாப்பிடற மாதிரி இருந்தாளா?"

"நல்லவ. எனக்குத் துண்டு குடுத்தா."

"துண்டு குடுத்தா நல்லவளா? நல்லா யோசிச்சுப் பாருங்க. குரல் கிரல் கட்டையா இருந்துச்சா?"

"அவ பேசவே இல்ல."

"பாத்தீங்களா" என்றார் டீக்கடைக்காரர், நம்பிக்கையோடு.

வீட்டில் கணவர் செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தை முதலில் புரட்ட ஆரம்பித்தார். மகள், "அம்மா, இன்னும் ஒருத்தர்தான்" என்று விரலை நீட்டிக் காட்டுவாள். அக்கா எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னார். "அவ அப்படிப்பட்டவ இல்ல. வேற வேலை இருந்தா பாருங்க." மூன்று வருடம் இப்படியே சிவப்புத் தொப்பிக்காரிக்கு வக்கீல் வேலை பார்த்தார்.

பன்னிரண்டாவது வருடம் செயலாளர் ஓடியே வந்தார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார், ஒரு காலில் செருப்பு இல்லை. சிவப்புத் தொப்பிக்காரிமேல் நடந்த ஊக்கமருந்து வழக்கு முடிந்துவிட்டது, அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள், வெண்கலம் நமக்கு. அறை முழுக்கக் கைதட்டியது. மேலாளர் கேக் வாங்கிவர ஆள் அனுப்பினார். அக்கா கையிலிருந்த பார்சலுக்கு முத்திரை குத்தினார், அடுத்ததுக்கும் குத்தினார், பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் பின்னால் போனேன். லாரி இறக்கும் மேடையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏமாத்தினவதானேக்கா" என்றேன்.

"ஏமாத்தினவதான். மத்த மூணு பேரு போனப்ப எனக்கு ஒண்ணும் தோணல. அவங்க யாருன்னே தெரியாது. இவமேலதான் கோபமா வருது. அவ துண்டு இல்லேன்னா எனக்கு அந்த ஏழாவதே கிடையாது. மூணு வருஷமா ஊரெல்லாம் இவளுக்காகப் பேசினேன். டீக்கடைக்காரர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

கேக்கில் பெரிய துண்டை அவருக்கு எடுத்துவைத்திருந்தோம். சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, "இனிப்பு கம்மி" என்றார்.

பதக்கம் உடனே வரவில்லை. நீக்கப்பட்டவர் திருப்பி அனுப்ப வேண்டும், அதை அவர்கள் துடைத்து நமக்கு அனுப்ப வேண்டும். மாதங்கள் போயின. செயலாளர் வாரம் ஒரு கடிதம் எழுதினார். கடைசியில் அங்கிருந்து, "அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது, உங்கள் தபால் துறையைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. அவர் எங்களிடம் வந்து குதித்தார். அக்கா எழுந்து போய், முகவரி சரியில்லாத பார்சல்களை வைக்கும் அலமாரியின் மூன்றாம் தட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துவந்தார். சங்கம் இரண்டு வருடத்துக்கு முன்பே இடம் மாறியிருந்தது. அனுப்பியவர்கள் பழைய தெருவைப் போட்டிருந்தார்கள். பெட்டியை அந்தத் தட்டில் வைத்தவர் அக்காவேதான். மேலே ஒட்டியிருந்த சுங்கத் தாளில் 'பொருள்: உலோக வட்டம், பயன்படுத்தியது' என்று இருந்தது. 'விற்பனை மதிப்பு இல்லை' என்று எழுத வந்த நம்மூர் குமாஸ்தா யாரோ, அவசரத்தில் 'விலைமதிப்பற்றது' என்று எழுதியிருந்தார்.

செயலாளர் கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை.

"அடையாள அட்டை காட்டுங்க சார்."

"என்னம்மா இது, பதிமூணு வருஷமா என்னைத் தெரியாதா?"

"தெரியும். ஆனா பார்சல் உங்க பேருக்கு வந்திருக்கு. அட்டை இல்லாம குடுத்தா எனக்கு மெமோ."

செயலாளர் வீட்டுக்குப் போய் அட்டையை எடுத்துவந்து, கையெழுத்துப் போட்டு, பெட்டியை வாங்கி, அதே இடத்தில் அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார்.

விழாவை மைதானத்தில் வைத்தார்கள். தச்சர் மூன்று படி மேடை செய்திருந்தார். மூன்றாம் படியில் அக்கா நின்றார். முதல் இரண்டும் காலி. பதக்கம் தரும்போது முதலிடம் வந்தவரின் நாட்டுப் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும் என்பது விதி என்றார் செயலாளர். "நம்ம மண்ணுல நின்னுக்கிட்டு அடுத்தவன் பாட்டுக்கு நான் எதுக்கு விறைப்பா நிக்கணும்?" என்றார் விழாவுக்கு வந்திருந்த அமைச்சர். விதிப்படி நம் பாட்டையும் வாசிக்க முடியாது. ஒருவழியாக இரண்டும் வேண்டாம் என்று முடிவாகி, போலீஸ் பேண்டுக்காரர்கள் தங்களுக்கு நன்றாக வரும் ஒரு நடைப்பாட்டை வாசித்தார்கள். தாளத்தைக் கேட்டதும் அக்கா இரண்டடி நடந்துவிட்டார்.

அமைச்சர் குள்ளம். கீழே நின்று அக்கா கழுத்தில் பதக்கம் போட அவருக்கு எட்டவில்லை. சுற்றிப் பார்த்தார், முதல் படியில் ஏறிக்கொண்டார். மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தில் அமைச்சர் தங்கமும் அக்கா வெண்கலமும் வாங்கியது போல இருந்தது. புகைப்படக்காரர் பதக்கத்தைக் கடித்துக் காட்டச் சொன்னபோது அக்கா மறுத்துவிட்டார். முந்தாநாள்தான் கடைவாய்ப்பல் பிடுங்கியிருந்தார்கள். அமைச்சர் உடனே, "நான் வேணா கடிக்கட்டுமா?" என்றார்.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் துடைக்கும்போது வெல்வெட்டுக்கு அடியில் மடித்த தாள் ஒன்று கிடைத்தது. மகள் பள்ளியில் அந்த மொழி படிப்பதால் அவள்தான் வாசித்துச் சொன்னாள். மறுநாள் அக்கா அதை எனக்கு ஒப்பித்தார். 'இதைப் பன்னிரண்டு வருடம் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தேன். மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னார்கள். அவர்கள் சொன்னபோது எழுதவில்லை. இப்போது யாரும் சொல்லவில்லை, எழுதுகிறேன். மன்னித்துவிடு. இப்போது கோழி வளர்க்கிறேன்.' கீழே முகவரி இருந்தது. பதக்கத்தின் ஓரத்தில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததாம்.

மூன்று வாரம் அக்கா பதில் போடவில்லை. நாலாவது வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுத உட்கார்ந்தார். எழுதி எழுதிக் கிழித்தார். ஒருநாள் கோபமாக எழுதுவார், மறுநாள் அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு வேண்டாம்" என்பார். கடைசியில் மகள் மொழிபெயர்த்துப் போனது நாலே வரி. கோபம் இருக்கிறது, போகக் கொஞ்ச நாள் ஆகும், கோழிகள் நலமா, இப்படிக்கு.

பதில் வந்தது. அதற்கு இவர் எழுத, அவள் எழுத, ஆறு மாதத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் அதட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். ஒரு கடிதத்தில் அவள், 'மருந்து சாப்பிடாமல் இருந்தாலும் உன்னைவிட ஒரு மீட்டர் கூடுதலாகத்தான் எறிந்திருப்பேன்' என்று எழுதியிருந்தாள். அக்கா அதை மகளிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"திமிரைப் பாரு" என்றார் மறுநாள் என்னிடம். "எறிஞ்சு பாத்துடலாம்னு எழுதப் போறேன்."

அப்படித்தான் அந்தப் போட்டி ஏற்பாடானது. ஒரே தேதி. ஆளுக்கு மூன்று எறிதல், அவரவர் ஊரில். அளவெடுக்க ஒரு சாட்சி, கையெழுத்தோடு தபாலில் அனுப்ப வேண்டும். இங்கே சாட்சி நான். நாடா பிடித்தவர் அக்காவின் கணவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆபீஸ் பின்கட்டில் அக்கா முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எறிந்தார். நாற்பது வயது. முதல் எறிதலில் முதுகு பிடித்துக்கொண்டது. மூன்றாவதில் பதினோரு மீட்டர் பன்னிரண்டு. "பன்னிரண்டரை" என்றார் கணவர். "அரையெல்லாம் வேண்டாம். குறைச்சே எழுதுங்க" என்றார் அக்கா.

இரண்டு வாரத்தில் அங்கிருந்து தாள் வந்தது. பதினோரு மீட்டர் நாற்பது. சாட்சிக் கையெழுத்து அவள் கணவன் போட்டிருந்தான்.

"நம்புறீங்களாக்கா?" என்றேன்.

அக்கா தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நாற்பது என்ற எண்ணுக்கு முன்னால் வேறு எண் எழுதி அடித்திருந்தது. அடித்திருந்த எண் நாற்பத்தைந்து.

"நம்புறேன்" என்றார். "குறைச்சுத்தான் எழுதியிருக்கா."

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அவள் பெயருக்கு நேராக ஒன்று என்றும் தன் பெயருக்கு நேராக இரண்டு என்றும் எழுதி, ஆபீஸ் முத்திரையை ஒரு குத்துக் குத்தினார். முத்திரை காய்வதற்காக ஊதிக்கொண்டே சொன்னார்:

"ரெண்டாவது இடம். இவ்வளவு மேல நான் வந்ததே இல்ல."